பாலக்காட்டில் கொட்டுது, கொழிஞ்சாம்பாறையில் காயுது: இந்த ஈரம் எங்கிருந்து வருது, எங்கே போகுது?

கொழிஞ்சாம்பாறை

மேல்காற்று (மேற்கே இருந்து அடிக்கற காற்று) பிடிச்சா ஆடி முடியற வரைக்கும் மேகம் தலைக்கு மேல கிழக்கே ஓடிட்டே இருக்குதுங்க. பாலக்காட்டுல இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வெளுத்து வாங்குது. அங்கிருந்து கொழிஞ்சாம்பாறையை ஒட்டின எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் முப்பது கிலோமீட்டர் சுமார்தான். இங்கே தென்னை ஓலை வாடிட்டு நிக்குது, மூலத்தறை வாய்க்கால்ல தண்ணி எப்போன்னு கேட்டுட்டு இருக்கோம்.

மூணு சந்தேகம்:
இந்த ஈரம் எந்தக் கடலோடது?
மலையைத் தாண்டினதும் அது என்ன ஆகுது, தீர்ந்து போயிடுதா?
ஊர்ல எல்லாரும் மரம் வெச்சா மழை வரும்ங்கறாங்க. எவ்வளவு வரும்னு கணக்கு யாராச்சும் போட்டிருக்காங்களா?

கச்சான்

முதல் கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரைக்கு வரும் காற்று அரபிக்கடலில் பிறப்பதில்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் தென்கிழக்குக் காற்றாகக் கிளம்பி, கென்யாக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியாப் பக்கம் வளைந்து, மேற்கிலிருந்து நம்மிடம் வருகிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கி.மீ. உயரத்தில் இது மிக வேகம். 1969ல் ஃபிண்ட்லேட்டர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஈரம் தெற்குக் கடலுடையதா, அரபிக்கடலுடையதா? இந்தச் சண்டையில் நம்ம ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. கொல்லங்கோட்டில் 1909ல் பிறந்த பி.ஆர். பிஷாரடி, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர். அரபிக்கடலில் ஆவியாவதுதான் பெரும்பங்கு என்று 1965ல் வாதிட்டார். 1981ல் காடே, ரெவர்தான் இருவரும் போட்ட கணக்கு தலைகீழாக வந்தது: மேற்குக் கரையைத் தாண்டும் ஈரத்தில் சுமார் 70 சதம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கிலிருந்து, மீதி அரபிக்கடலிலிருந்து.

தோராயமாக நாமே சரிபார்க்கலாம். மொம்பாசாவிலிருந்து கொச்சிக்கு வளைந்து வரும் பாதை 4,500 கி.மீ. என்று வையுங்கள். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நாளுக்கு 1,300 கி.மீ., அதாவது மூன்றரை நாள் பயணம். வழியில் நாளுக்கு 5 மி.மீ. ஆவி சேர்ந்தால் 17 மி.மீ. வந்து சேரும்போது தலைக்கு மேலுள்ள காற்றுத் தூண் முழுவதும் உள்ள ஈரத்தை நீராக்கினால் 50 மி.மீ. சுமார். மூன்றில் ஒன்று அரபிக்கடலுடையது என்று வருகிறது. வழியிலேயே பெய்து தீர்வதை இதில் கழிக்கவில்லை, ஆகவே இதை ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 5 மி.மீ. இலவசமும் இல்லை. சதுர மீட்டருக்கு இரவு பகலாக 140 வாட் வெப்பத்தைக் கடல் கொடுத்தால்தான் அவ்வளவு ஆவியாகும். சோமாலியாக் கரையில் காற்று மிக வேகம், ஆனால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதால் அங்கே ஆவியாவது குறைவு. காற்று அதிகம் என்றால் ஆவியும் அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

புளியரை

ரெண்டாவது கேள்வியிலதான் எல்லாரும் வழுக்குறாங்க. மலையிலேயே ஈரம் எல்லாம் கொட்டித் தீந்துருது, கிழக்க வர்றது வறண்ட காத்துன்னு பள்ளிக்கூடத்துலேயே சொல்லிக் கொடுத்துருக்காங்க. ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கத்தை வச்சு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்.

மேற்க அடிவாரத்துல காத்து 28 டிகிரி, பனிநிலை (எந்த வெப்பத்துக்கு ஆறினா ஆவி நீராக ஆரம்பிக்குமோ அது) 24. ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பத்துல காத்து வச்சுக்க முடிஞ்ச ஆவியில எவ்வளவு இருக்குங்கறது, 79 சதம். கிலோ காத்துக்கு 19 கிராம் ஆவி. வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசம் 4 டிகிரி. டிகிரிக்கு 125 மீட்டர்னு வச்சா 500 மீட்டர்ல மேகம் கட்டும். அங்க வெப்பம் 23.

அதுக்கு மேல ஆவி நீராகுறப்ப வெப்பத்தை விடுறதால, ஆயிரம் மீட்டர் ஏறினாலும் 4 டிகிரிதான் குறையும். 1,500 மீட்டர் முகட்டுல 19 டிகிரி. அங்க அந்தக் காத்து வச்சுக்க முடிஞ்ச ஆவி கிலோவுக்கு 16.5 கிராம். மிச்சம் 2.5 கிராம் மழையாப் போச்சு.

இப்ப தென்காசிக்கு இறங்குது, 150 மீட்டர் உயரத்துக்கு. இறங்குறப்ப மேகம் கலைஞ்சு, நூறு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவா சூடேறும். 19 இருந்தது 32 ஆகும். ஒப்பு ஈரப்பதம் 53 சதம்.

79 இருந்தது 53 ஆச்சேன்னு பாத்தா பாதி ஈரம் போன மாதிரி தோணும். உண்மையில போனது எட்டுல ஒரு பங்கு. மிச்ச ஏழு பங்கு நம்ம தலைக்கு மேல வங்கக் கடலைப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு.

அண்ணாச்சி, உங்க ஊர்ல ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. அதை மேல தூக்கிவிட ஆள் இல்ல, அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை

இது புதுசா இருக்குதுங்க. ஆனா எங்க பக்கம் மலையே இல்லையே, பாலக்காட்டுக் கணவாய் நேராத் திறந்து கிடக்குது. காத்து ஏறி இறங்கவே வேண்டாம். அப்புறம் ஏன் காயுது?

புளியரை

ஏற வேண்டாம்ங்கறதுதான் காரணமே. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல முப்பது நாப்பது கி.மீ. அகலத் திறப்பு. தரை முந்நூறு மீட்டரைத் தாண்டல. மேல போட்ட கணக்குல மேகம் கட்டவே 500 மீட்டர் வேணும். திறப்புக்குள்ள காத்து வேகம் பிடிச்சு நேராப் போயிருது, கிழக்க கோவை, பல்லடம் சமவெளியில விரிஞ்சு பரவுது. விரியுற காத்து மேலிருந்து கீழ இறங்கத்தான் செய்யும். நீங்க பாக்குற மேகம் மேற்கிலயும் ரெண்டு பக்க மலையிலயும் கட்டுனது, வழிப்போக்கனாப் போகுது.

அதே ஆனைமலையில ஏறுற பக்கம் சின்னக்கல்லாறைப் பாருங்க, தமிழ்நாட்டுலேயே அதிகம் பெய்யுற இடங்கள்ல ஒண்ணு. பொள்ளாச்சிக்கு வந்தா அதுல ஒரு சின்னப் பங்குதான். கடல் ஒண்ணு, காத்து ஒண்ணு.

மூணாறு ரோடு

ஒரு இடத்தில் இடிக்கிறது. காற்றில் மொத்தமே 50 மி.மீ. தண்ணீர் என்கிறீர்கள். அதிலும் எட்டில் ஒன்றுதான் விழும் என்றால் ஆறேழு மி.மீ. மழைதானே? பீர்மேடு, மூணாறில் ஒரே நாளில் 100, 200 மி.மீ. எப்படி?

கச்சான்

நல்ல கேள்வி. 50 மி.மீ. என்பது ஒரு நொடியில் தலைக்கு மேல் இருக்கும் கையிருப்பு. மழை அதிலிருந்து மட்டும் வருவதில்லை, ஓடி வரும் வரத்திலிருந்து வருகிறது. கிணற்று நீர்மட்டத்துக்கும் ஊற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

அடிமட்ட ஒரு கி.மீ. காற்றை மட்டும் எடுங்கள். கன மீட்டருக்கு 20 கிராம் ஆவி, வேகம் விநாடிக்கு 15 மீட்டர். மலைத்தொடரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் விநாடிக்கு 300 கிலோ தண்ணீர் ஆவியாக வந்து மோதுகிறது. எட்டில் ஒன்று விழுந்தால் 37 கிலோ. அது 30 கி.மீ. அகலச் சரிவில் பரவினால் மணிக்கு நாலரை மி.மீ., நாள் முழுக்க ஓடினால் 100 மி.மீ. சொச்சம். சரிவு செங்குத்தாக இருந்து 10 கி.மீ.க்குள் விழுந்தால் அதுவே மூன்று மடங்கு.

இதனால்தான் காற்றின் வேகம் இரட்டிப்பானால் ஈரம் கூடாமலேயே மழை இரட்டிப்பாகும். 2018 ஆகஸ்ட் நடுவில் ஒடிசாக் கரையோரத் தாழ்வு மண்டலம் மேல்காற்றை இழுத்தது, இடுக்கி, வயநாட்டுச் சரிவுகள் அதை வாங்கின. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் 2,346.6 மி.மீ., வழக்கமான அளவு 1,649.5. பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பது வெள்ளமும் (கொல்லம் ஆண்டு 1099), அதாவது 1924 ஜூலை, மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போனது, இதே சரிவுகளில் பெய்ததுதான்.

மூணாறு ரோடு

தெளிவாயிற்று. இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். மழை மறைவுப் பக்கம் குடிப்பது மழைப் பக்கத்துத் தண்ணீரைத்தான். 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்கே ஓடும் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியது, காற்று செய்யாத வேலையை மண்ணுக்கடியில் செய்ததுதான். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் அப்படியே. அதற்காக இரு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தத்தில் மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும், சித்தூர்ப்புழை வழியாக மூலத்தறைக்கு வருவது அதுதான். கொழிஞ்சாம்பாறைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்க்கால்.

தென்னந்தோப்பு

எல்லாம் சரி, குற்றாலச் சாரலை விட்டுட்டீங்களே. தென்காசி மழை மறைவுதானே? அங்கே மட்டும் ஜூன்ல எப்படிப் பூப்போல விழுது?

புளியரை

அது மேற்க உருவான மழை, விழுற இடம்தான் கிழக்க. அரை மில்லிமீட்டர் துளி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துலதான் விழும். ஆயிரம் மீட்டர் உயரத்துலேர்ந்து தரையைத் தொட 500 விநாடி. அதுக்குள்ள 15 மீட்டர் காத்து அதை ஏழரை கி.மீ. கிழக்க தள்ளிரும். ரெண்டு மில்லிமீட்டர் பெருந்துளி ஆறரை மீட்டர் வேகம், ரெண்டரை கி.மீ.க்குள்ள முகட்டுப் பக்கமே விழுந்துரும். முகட்டைத் தாண்டி வர்றது பொடித்துளி மட்டும். சாரல் ஏன் சாரலா இருக்குன்னா இதுதான், காத்தே சல்லடை போட்டு அனுப்புது.

மேக்கரை, புளியரை, செங்கோட்டை, குற்றாலம் வரைக்கும் நல்லா நனையும். தென்காசி தாண்டிப் பாவூர்சத்திரம் போறதுக்குள்ள இறங்குற சூட்டுல பொடித்துளி ஆவியாயிரும். சுரண்டை, ஆலங்குளத்துல வெறுங்காத்துதான், ஆடிக்காத்துல அம்மி பறக்கும், துளி விழாது.

தென்னந்தோப்பு

சரி, மூணாவது கேள்வி. காடுதான் மழையைக் கொண்டு வருதுன்னு ஐஐடிக்காரங்களே சொல்லியிருக்காங்க. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுலிருந்து தமிழ்நாட்டுக்கு 40 சதம் மழை. இங்கே நீங்க தூக்கறது, இறக்கறதுன்னு மரத்தையே மறந்துட்டீங்க.

அளவுகோல்

அந்த எண்ணை முழுசாச் சொல்லணும். மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்டது. தமிழ்நாட்டின் *தென்மேற்குப் பருவ* மழையில், அதுவும் மழை பொய்த்த ஆண்டுகளில், 25 முதல் 40 சதம் ஈரம் அந்தக் காடுகளிலிருந்து வருகிறது என்பது கணினி மாதிரியின் முடிவு. தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவம் ஆண்டு மழையில் மூன்றில் ஒன்று போலத்தான். ஆக ஆண்டு மழையில் 40 சதம் என்று மேடையில் சொல்வது தப்பு. ஆனால் முடிவு அர்த்தமுள்ளது: கடற்காற்று பலமாக இருக்கும்போது காட்டின் பங்கு சின்னது, பருவம் ஓய்ந்து காற்று தளரும்போது காடு விடும் ஆவி அங்கேயே தங்கி எடுபடுகிறது.

ஊர் அளவில் கணக்கு இப்படி. நன்றாக நீர் பாயும் தோப்பு நாளுக்கு 4 மி.மீ. ஆவி விடும் என்றால் ஏக்கருக்கு 16,000 லிட்டர். கேட்கப் பெரிது. ஆடி மாசம் விநாடிக்கு 10 மீட்டர் காற்று 30 கி.மீ. அகலப் பசுமையைக் கடக்க 50 நிமிடம். உச்சிவெயிலில் மணிக்கு அரை மி.மீ. என்றாலும் அந்தக் காற்றில் சேர்வது 0.4 மி.மீ. ஏற்கெனவே 45, 50 இருக்கிற இடத்தில் 0.4. அதுவும் அடுத்த நாள் இதே நேரம் 860 கி.மீ. கிழக்கே, கடல்மேல் இருக்கும். நட்டவன் தோட்டத்தில் அது விழாது.

சித்திரை, வைகாசி வேறு கதை. காற்று மந்தம், சூடு அதிகம், நேற்றைய ஆவி இன்றும் பக்கத்திலேயே இருக்கும். சாயங்காலம் கணவாய் வழியாக வரும் கடற்காற்று கிழக்குக் காற்றோடு முட்டுகிற இடத்தில் இடிமேகம் எழும். கொழிஞ்சாம்பாறைக்குக் கோடைமழை இப்படித்தான் கிடைக்கிறது, தூக்கிவிட மலை தேவையில்லை. அங்கே உள்ளூர் ஈரத்துக்கு வேலை உண்டு.

கச்சான்

ஒரு திருத்தம்: சித்திரையிலும் அடிப்படை ஈரம் கடலுடையதுதான், உள்ளூர் ஆவி மேல்சேர்க்கை. மற்றபடி ஒத்துக்கொள்கிறேன்.

தென்னந்தோப்பு

மழைத்தண்ணியைப் பார்த்தே இது கடல் ஆவி, இது காட்டு ஆவின்னு பிரிக்க முடியாதா?

கச்சான்

ஓரளவு முடியும். தண்ணீரில் சாதாரண ஆக்சிஜனோடு கொஞ்சம் கனமான ஆக்சிஜன்-18, ஹைட்ரஜனோடு டியூட்டீரியம் கலந்திருக்கும். ஆவியாகும்போது லேசானது முந்தும், மழையாகும்போது கனமானது முதலில் விழும். வழியெல்லாம் பெய்துகொண்டே வந்த காற்றின் மழையில் கனமானது குறைந்திருக்கும். கோழிக்கோட்டு மழையில் இதை அளந்திருக்கிறார்கள்: துலாவர்ஷ (வடகிழக்குப் பருவ) மழையில் இடவப்பாதியை விடக் கனமானது குறைவு. வங்கக் கடலிலிருந்து பெய்துகொண்டே வருவதும் இதற்கு ஒரு காரணம். நிலத்திலிருந்து மறுபடி ஆவியானது கலந்தால் டியூட்டீரியம் மிகை என்ற எண் (டியூட்டீரியத்தையும் ஆக்சிஜன்-18ஐயும் ஒப்பிட்டுப் போடுவது) உலக சராசரியான 10ஐத் தாண்டி ஏறும்.

கெடுவது பெரும்பாலும் சேகரிப்பில். மழைமானியில் தண்ணீர் வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே லேசானது பறந்து, எண் தலைகீழாகும். திரவ பாரஃபின் அரை சென்டிமீட்டர் மிதக்க விட வேண்டும், பிறகு கெட்டிப் பிளாஸ்டிக் குப்பியில் காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை

அது நமக்கு எட்டாதுங்க. போனில் பார்க்கற ஈரப்பதத்தை வெச்சு எதாச்சும் சொல்ல முடியுமா? காலையில 90 சதம்னு காட்டுது, மழை வரும்னு நினைச்சா மத்தியானம் 55க்கு இறங்கிடுது.

அளவுகோல்

அந்தச் சதத்தை விட்டுவிடுங்கள், அது வெப்பத்தோடு ஆடும். காலை 22 டிகிரியில் 90 சதம் என்றால் கன மீட்டருக்கு 17.5 கிராம் ஆவி. மத்தியானம் 34 டிகிரியில் 55 சதம் என்றால் 20.7 கிராம். மத்தியானம்தான் ஈரம் அதிகம்! பனிநிலை என்று ஒரு எண் அதே செயலியில் இருக்கும், அதைப் பாருங்கள். கோடையில் அது 23, 24 என்று நின்று, காற்றும் மந்தமாக இருந்தால் சாயங்கால இடிக்கு வாய்ப்பு. ஆடியில் 22 இருந்தாலும் பயனில்லை, காரணம் புளியரைக்காரர் சொன்னதுதான்.

விருச்சிகக் காற்று நாட்களில் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும்போது பனிநிலை சடசடவென இறங்கும், உதடு வெடிக்கும். அதுதான் நிஜமான வறண்ட காற்று.

மூணாறு ரோடு

ஐப்பசியில் அதே கிழக்குக் காற்றுதானே மழை கொண்டு வருகிறது?

கச்சான்

திசை ஒன்று, சரக்கு வேறு. ஐப்பசியில் வங்கக் கடல் இன்னும் சூடாக, 28, 29 டிகிரியில் இருக்கிறது, மேல் அடுக்குவரை ஈரம் நிற்கிறது, அலைகளும் தாழ்வுகளும் வந்து தூக்குகின்றன. மீனவர் அதைக் கொண்டல் என்பார்கள். தை பிறந்தால் வடகிழக்குக் காற்று தொடர்ந்தாலும் கடல் ஆறிவிட்டது, மேலே வறண்ட காற்று அமுக்கிக்கொண்டு இறங்குகிறது. அது வாடை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான். மாஞ்சோலைப் பக்கம் நாலுமுக்கு, ஊத்து போன்ற இடங்கள் இரண்டு பருவத்திலும் ஏறுமுகமாக இருப்பதால் இரண்டிலும் வாங்கிக்கொள்கின்றன.

கொழிஞ்சாம்பாறை

நம்ம பஞ்சாயத்து அளவுல மழையை எழுதி வெச்சா பேச்சு குறையும்னு தோணுது. மழைமானி வீட்டிலேயே செய்ய முடியுமா? மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மேல வைக்கலாம்னு இருக்கேன்.

அளவுகோல்

தொட்டி மேல் வேண்டவே வேண்டாம். கணவாய்க் காற்று வாயைத் தாண்டித் துளியைத் தூக்கிக்கொண்டு போகும், பொடிமழையில் கணிசமாகக் குறைத்துக் காட்டும். வானிலைத் துறை வாய் விளிம்பைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வைப்பது அதற்காகத்தான்.

16 செ.மீ. விட்டமுள்ள புனல் வாங்குங்கள், வாய்ப்பரப்பு 201 சதுர செ.மீ. 20 மில்லி தண்ணீர் 1 மி.மீ. மழை. கடையில் 15 செ.மீ. தான் கிடைத்தால் 17.7 மில்லிக்கு ஒரு மி.மீ. எனப் போடுங்கள். அளக்காமல் 20 என்றே வைத்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு குறையும். சமையல் புனல் ஆழமில்லாதது, பெருமழையில் துளி தெறித்து வெளியே போகும், விளிம்பைச் சுற்றிப் பத்து செ.மீ. உயரத்துக்குக் குழாய்த் துண்டு ஒட்டுங்கள். அடியில் 5 லிட்டர் கேன், 200 மி.மீ. பெய்தாலும் 4 லிட்டர்தான். கேனைப் பாதி மண்ணில் புதையுங்கள், காற்றில் சாயாது, வெயிலில் ஆவியாகாது.

காலை 8.30க்கு அளந்து, அளக்கும் அன்றைய தேதியில் எழுதுங்கள். நேற்று இரவு பெய்தது என்று நேற்றைய தேதியில் போட்டால் பாலக்காட்டு எண்ணோடு ஒப்பிடவே முடியாது. 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் மழை நாள் கணக்கில் வராது, ஆனாலும் எழுதுங்கள்.

புளியரை

தென்னைக்குப் பக்கத்துல வச்சிராதீங்க. 15 மீட்டர் மரம்னா 30 மீட்டராவது தள்ளணும். இல்லன்னா ஓலை வழிஞ்ச தண்ணியும் சேர்ந்து, உங்க ஊர்தான் சின்னக்கல்லாறுன்னு எழுதிருவீங்க.

கொழிஞ்சாம்பாறை

அப்படித் திறந்த இடம்னா நெல் காயவைக்கற களம் ஒண்ணுதாங்க இருக்குது. சிமெண்டுத் தளம்.

அளவுகோல்

சிமெண்டில் விழும் துளி எகிறிப் புனலுக்குள் வரும். களத்தின் ஓரத்து மண்ணில் வையுங்கள், சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் இருக்கட்டும். வாரம் ஒருமுறை புனல் கழுத்தை ஊதிப் பாருங்கள், ஆடி முழுக்க மழையில்லாமல் கிடந்தால் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடும்.